துரைசிங்கத்தின் எல்லை

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் இயக்குநர் ஹரியின் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு கட்சி பிரிந்துவிடும். 2010-ல் வந்த ‘சிங்கம்’ ஒன்றுதான் படம், மற்றவை அதன் பெயரில் ஓடியவை என்பார் ஒருவர். 2013-ன் ‘சிங்கம் 2’ பார்த்துவிட்டு இப்படிப் பேசலாமா என்பார் அடுத்தவர். 2017-ன் ‘சி3’யில் இருக்கிற வேகமும் விஷயமும் முதல் இரண்டில் எங்கே என்று கேட்க இளவட்டத்தில் ஒரு சிறு கூட்டம் உண்டு. நாற்பதைத் தாண்டிய அண்ணாச்சிமார் மூன்றையும் ஒதுக்கிவிட்டு, 2003-ல் விக்ரம் நடித்த ‘சாமி’யில்தான் எல்லாமே தொடங்கி எல்லாமே முடிந்தது என்பார்கள்.

இதை வெறும் ரசிகர் சண்டை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இந்தப் படங்கள் நம் பக்கத்து மண்ணில் வேர் விட்டவை. ஹரி தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். ‘சாமி’யின் களம் திருநெல்வேலி. ‘சிங்கம்’ தொடங்கும் நல்லூர், தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமமாகக் காட்டப்படுகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை ராயகிரியும் திருநெல்வேலி மாவட்டம்தான். வரப்புத் தகராறு, ஓடைத் தண்ணீர்த் தகராறு, கொடை விழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற தகராறு என்று எதற்கெடுத்தாலும் கடைசியில் போய் நிற்கிற இடம் போலீஸ் ஸ்டேஷன். அங்கே உட்கார்ந்திருக்கும் எஸ்.ஐ. எப்படிப்பட்டவர் என்பது சென்னையில் ஒரு படக்கதை. இங்கே அது அன்றாட வாழ்க்கை. ஆகவே எந்தப் படம் அந்த எஸ்.ஐ.யைச் சரியாகப் பார்த்தது என்று கேட்பது, எந்தப் படம் நம்மைச் சரியாகப் பார்த்தது என்று கேட்பதும்தான்.

அளவுகோலை முதலில் சொல்லிவிட வேண்டும். வசூலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய படம் சம்பாதித்த நம்பிக்கையை அடுத்த படம் வசூலாக்குவது தொடர் படங்களின் இயல்பு. வேகத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை, ‘சிங்கம்’ படங்கள் மூன்றுக்கும் பிரியனின் ஒளிப்பதிவு, மூன்றிலும் கேமரா நிற்பதில்லை, வண்டி நிற்பதில்லை, வசனம் மூச்சு விடுவதில்லை. மூன்றுக்கும் பொதுவான ஒன்றை வைத்து மூன்றைப் பிரிக்க முடியாது. நான் கேட்கும் கேள்விகள் மூன்று. நாயகனைத் தடுப்பது எது? வில்லனின் பலம் எங்கிருந்து வருகிறது? கதை நடக்கும் ஊர் கதைக்கு வேலை செய்கிறதா, திரைச்சீலையாகத் தொங்குகிறதா? போலீஸ் படத்துக்கு இவை மூன்றும் உயிர்நாடி. தடையில்லாத போலீஸ்காரனுக்குக் கதை கிடையாது. அவனுக்கு இருப்பது முகவரிகளின் பட்டியல் மட்டும்.

முதல் படத்திலிருந்து தொடங்குவோம். 2010 மே 28 அன்று வந்த ‘சிங்கம்’, சூர்யாவின் இருபத்தைந்தாவது படம். அதன் கதையைத் தள்ளிவிடுகிற விசை என்னவென்று பலரிடம் கேட்டால், தன் ஓர் அடி ஒன்றரை டன் எடை என்று நாயகன் முழங்கும் வசனத்தைச் சொல்வார்கள். உண்மையில் அந்த விசை ஒரு கையெழுத்து. சென்னையில் ஆட்களைக் கடத்தியும் மிரட்டியும் பணம் பறிக்கும் மயில்வாகனத்துக்கு நீதிமன்றம் நிபந்தனை ஜாமீன் கொடுக்கிறது. நல்லூர் காவல் நிலையத்தில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவன் தனக்குப் பதிலாக வேறொரு ஆளை அனுப்புகிறான். சூர்யா நடித்த எஸ்.ஐ. துரைசிங்கம் அதை ஏற்க மறுக்கிறார். யாருக்கு ஜாமீனோ அவனே நேரில் வர வேண்டும் என்கிறார். படத்தின் பெரும்பகுதி இந்த ஒரு மறுப்பிலிருந்து முளைக்கிறது.

இது எவ்வளவு நுட்பமான தேர்வு என்பதை நம் பக்கத்துக்காரர்கள் எளிதில் உணர்வார்கள். சாட்சிகளை மிரட்டாமல் இருக்கட்டும் என்று, குற்றம் சாட்டப்பட்டவரைச் சொந்த ஊரை விட்டுத் தள்ளி வேறொரு ஊரில் தங்கிக் கையெழுத்துப் போடச் சொல்வது நீதிமன்றங்களின் வழக்கம். வெளியூர்க்காரர் ஒருவர் காலையில் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதைப் பார்க்காத சிற்றூர் குறைவு. ஹரி அந்தச் சாதாரணக் காட்சியை எடுத்து, அதற்குள் அதிகாரத்தின் முழுச் சண்டையையும் வைத்தார். மயில்வாகனத்துக்கு அந்தக் கையெழுத்தால் பண நஷ்டம் கிடையாது, சிறைவாசம் கிடையாது. ஒரு கிராமத்து எஸ்.ஐ.யின் மேஜைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. பிரகாஷ்ராஜ் அந்த அவமானத்தை நடித்த விதம் படத்தின் பெரிய சொத்து. பிறரை மிரட்டும்போது சிரிப்பு மூட்டுகிற அதே முகம், காயம் பட்ட கணத்தில் சிறுபிள்ளைத்தனமான வன்மத்துக்குத் தாவுகிறது. தன்னைவிடக் கீழே என்று நினைத்தவனிடம் தோற்ற மனிதன் எவ்வளவு ஆபத்தானவன் என்பது அந்த முகத்தில் தெரிகிறது.

அடுத்து அவன் செய்வதும் நம்பக்கூடியது. அடியாளை அனுப்புவதைவிட நல்ல ஆயுதம் அவனிடம் இருக்கிறது. அரசியல் செல்வாக்கைப் பயன்படுத்தித் துரைசிங்கத்தைச் சென்னை திருவான்மியூருக்கு மாற்ற வைக்கிறான். நேர்மையான அலுவலருக்கு இந்த நாட்டில் அதிகம் வழங்கப்படும் தண்டனை பணியிட மாற்றம்தான். ஊரில் இருந்தவரை துரைசிங்கத்துக்குப் பின்னால் சாதிசனம், உறவு, ஊர்க்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். பெரும்பாலான தகராறுகளை அவர் பேசித்தான் தீர்த்தார்; பேச்சு எடுபடாத இடத்தில்தான் கை நீண்டது. சென்னையில் யாரையும் தெரியாது. மேலதிகாரியே மயில்வாகனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார். துரைசிங்கம் மனம் உடைந்து ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கிறார். அவரைத் தடுத்து நிறுத்துபவள் அவர் காதலிக்கும் காவ்யா.

இந்த இடத்தை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இது வரிசை முழுவதற்கும் அச்சாணி. கர்ஜிக்கிற நாயகன் ஒருமுறை தோற்று, ஓடிப்போக நினைக்கிறான். அவன் திரும்ப எழுவது யாரோ கொடுத்த பதவியால் நடப்பதில்லை. தன்னை மதிக்கிற ஒருத்தி சொன்ன சொல்லால் நடக்கிறது. அனுஷ்காவின் பாத்திரத்துக்கு மூன்று படங்களிலும் சேர்த்துக் கதையைத் திருப்பும் அளவு கனம் கிடைத்தது இங்கேதான்.

முதல் படத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. துரைசிங்கத்துக்குத் தனிப்படையும் பதவி உயர்வும் கிடைத்த பிறகு, அதுவரை கட்டிய தடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. மயில்வாகனம் காவ்யாவின் தங்கையைக் கடத்துவது வழக்கமான மசாலா வழி. ஆந்திரா வரை துரத்திப் போய்ச் சுட்டுத்தள்ளும் முடிவு, கையெழுத்தில் தொடங்கிய கதைக்குச் செய்த துரோகம் என்றே நினைக்கிறேன். சட்டப்படி வந்து நில் என்று சொல்லித் தொடங்கியவர், சட்டத்தைத் தாண்டிப் போய் முடிக்கிறார். விவேக்கின் எரிமலை பாத்திரத்தின் நகைச்சுவை பல இடங்களில் கதையை நிறுத்திவிட்டுத் தனியாக ஓடுகிறது. ஆனாலும் முதல் பாதியும், இரண்டாம் பாதியின் தொடக்கமும் என் மூன்று கேள்விகளுக்கும் உறுதியான பதில் சொல்கின்றன. தடுப்பது அமைப்பு. வில்லனின் பலம் அந்த அமைப்பில் அவன் வாங்கி வைத்திருக்கும் ஆட்கள். ஊர் இருந்தால் நாயகன் நிற்கிறான், ஊர் போனால் தள்ளாடுகிறான்.

‘சிங்கம் 2’ கட்சியின் வாதத்தை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் படத்தில் நாயகன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் யாருக்கும் தெரியாது. வேலையை விட்டுவிட்டதாக உலகம் நம்ப, தூத்துக்குடிப் பள்ளி ஒன்றில் என்.சி.சி. பயிற்சி கொடுத்துக்கொண்டு துறைமுகக் கடத்தலை வேவு பார்க்கிறார் துரைசிங்கம். குடும்பத்துக்கே உண்மை தெரியாது. காவ்யாவோடு கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. சீருடையைத் தன் தோல்போல் அணிந்திருந்த மனிதன் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஊர் பேசும் ஏளனத்தை வாய் திறக்காமல் வாங்கிக்கொள்கிறான். நாயகனுக்கு எத்தனை கடுமையான கட்டு இது! முதல் படத்தில் கட்டு வெளியிலிருந்து வந்தது. இங்கே அவரே போட்டுக்கொண்டது. அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் இருப்பதைப் பார்க்கும்போது அரங்கில் ஏறும் அழுத்தத்தை முதல் படம் ஒருபோதும் எட்டவில்லை. இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். துரைசிங்கம் மறைந்திருக்கும் பகுதியே மூன்று படங்களிலும் கதை கட்டிய விதத்தில் சிறந்த பகுதி.

களமும் சரியான களம். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து இலங்கைக்குப் பீடி இலையும் போதைப்பொருளும் கடத்த முயன்று பிடிபட்டார்கள் என்ற செய்தியைத் தென் மாவட்டத்துக்காரர்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறார்கள். ரஹ்மான் நடித்த தங்கராஜ், ஊரில் பெரிய மனிதராக நடமாடுகிறவர். குற்றத்துக்கு மரியாதையான முகம் இருக்கும் என்பதைப் படம் சரியாகப் பிடிக்கிறது. ஊருக்குள் கலவரம் மூளும்போது துரைசிங்கம் மறைவை விட்டு வெளியே வந்து பொறுப்பேற்கும் கட்டம், அதுவரை அடக்கி வைத்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்க்கிறது. ‘சிங்கம் 2’ ரசிகர்கள் தங்கள் கட்சிக்கு இதைவிட வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பிறகு படத்திடம் என்ன மிச்சம் இருக்கிறது? கட்டு அவிழ்ந்துவிட்டது. டி.எஸ்.பி. துரைசிங்கத்துக்கு மேலே ஆதரவான அமைச்சர், கீழே கட்டளைக்குக் காத்திருக்கும் படை. வில்லன் பக்கத்தில் பாய், தங்கராஜ், டேனி என்று மூன்று பேர். மூன்று பேரைச் சேர்த்துக் கூட்டினாலும் ஒரு மயில்வாகனம் வரவில்லை. டேனிக்குச் சர்வதேசக் கடத்தல்காரன் என்ற பட்டம் இருக்கிறது, துரைசிங்கத்தின்மேல் அவனுக்கு இருக்கும் பகைக்குக் காரணம் மட்டும் மேலோட்டமானது. மயில்வாகனத்தின் பகை உள்ளே ஊறிய அவமானத்திலிருந்து வந்தது. டேனியின் பகை கதை கேட்டுக்கொண்டதால் வந்தது. துறைமுகத்தை ஒட்டி நடக்க வேண்டிய கதை தென்னாப்பிரிக்காவுக்குப் போய் முடியும்போது, தூத்துக்குடி கைவிடப்படுகிறது. ஹன்சிகா நடித்த சத்யாவின் நிலை இன்னும் வருத்தமானது. ஆசிரியராக இருக்கும் ஒருவர்மேல் பள்ளி மாணவிக்கு வரும் ஈர்ப்பைப் பாட்டுக்கும் கிண்டலுக்கும் பயன்படுத்திவிட்டு, நாயகனின் கோபத்துக்கு எண்ணெய் ஊற்ற அந்தப் பெண்ணைச் சாகடிக்கிறது படம். முதல் படம் காவ்யாவுக்குக் கொடுத்த இடத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய சரிவு.

ஆகவே ‘சிங்கம் 2’ பற்றி என் கணக்கு இது: உச்சம் உயரமானது, உயரத்தில் நின்ற நேரம் குறைவு.

‘சி3’ கட்சிக்காரர்களைப் பலர் பேசவே விடுவதில்லை. அது நியாயமில்லை. 2017 பிப்ரவரி 9 அன்று வந்த அந்தப் படத்தின் விஷயம் மூன்றிலும் கனமானது. ஆஸ்திரேலியாவிலிருந்து மருத்துவக் கழிவையும் மின்னணுக் கழிவையும் கப்பலேற்றி ஆந்திரக் கரையில் கொண்டுவந்து கொட்டி எரிக்கிறார்கள். அந்தப் புகையில் பள்ளிப் பிள்ளைகள் சாகிறார்கள். பணக்கார நாடுகள் தங்கள் நச்சுக் கழிவை ஏழை நாடுகளின் தலையில் கட்டுவதைத் தடுக்கத்தான் 1989-ல் பாசெல் உடன்படிக்கையே உருவானது. ஒரு வணிகப் படம் இதைக் கையில் எடுத்தது துணிச்சல்தான்.

நம் பக்கத்துக்கு இதன் பொருள் இன்னும் நெருக்கமானது. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலியை ஒட்டிய நடுக்கல்லூர் போன்ற ஊர்களில் குவியலாகக் கொட்டிக் கிடந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரள அரசு லாரிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. தென்காசி மாவட்டத்துப் புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டி வரும் லாரிகளில் என்ன இருக்கிறது என்ற கவலை இங்கே பல வருஷமாக உண்டு. ‘சி3’ நடந்ததை முன்கூட்டியே பேசிய படம் என்று அதன் ரசிகர்கள் சொன்னால் மறுக்க முடியாது.

இருந்தாலும், விஷயத்தின் கனம் வேறு, படத்தின் கனம் வேறு. நச்சுக் கழிவுக் குற்றம் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதைச் செய்ய ஒரு பெரிய வில்லன் தேவையில்லை. கழிவை அகற்ற ஒப்பந்தம் எடுத்தவர், கூலி குறைவாகக் கேட்கும் லாரிக்காரர், சாவடியில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காத காவலர், வாடகைக்கு ஆசைப்பட்டு நிலத்தைக் கொடுத்தவர் என்று சின்னச் சின்னக் கைகள் பல சேர்ந்து செய்யும் குற்றம் அது. முதல் படத்துத் துரைசிங்கத்துக்கு என்றே அளவெடுத்த குற்றம்! ஒரு சோதனைச் சாவடி, ஒரு லாரி, ஒரு சீட்டு, சீட்டைச் சரிபார்க்காமல் விட மறுக்கும் ஒரு எஸ்.ஐ. அங்கிருந்து ஒரு முழுப் படம் கிளம்பியிருக்கும். ‘சி3’ அதை விட்டுவிட்டு, சிட்னியில் மாளிகை கட்டி வாழும் விட்டல் பிரசாத் என்ற ஒற்றை மனிதன்மேல் குற்றம் முழுவதையும் ஏற்றி வைக்கிறது. அவனை வீழ்த்தினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நம்ப வைக்கிறது.

நாயகனைத் தடுப்பது எது என்ற கேள்விக்கு இந்தப் படத்தில் பதிலே கிடைக்கவில்லை. துரைசிங்கம் விசாகப்பட்டினத்துக்கு வரும்போதே உச்ச அதிகாரத்தோடு வருகிறார். மொழி தடையில்லை, மாநிலம் தடையில்லை, கண்டம் தாண்டினாலும் தடையில்லை. அவர் சந்தேகப்படுவதில்லை, தோற்பதில்லை, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணமும் நினைப்பதில்லை. காவ்யா மனைவியாகிவிட்டாள்; கதையில் அவளுக்கு வேலை இல்லை. சுருதிஹாசனின் பாத்திரம் பத்திரிகையாளர் என்ற அடையாளத்தோடு வந்து, பெரும்பாலும் நாயகனை வியந்து நிற்கிறது. வேகம் மட்டும் முன்னைவிடக் கூடியிருக்கிறது. முதல் படத்தில் வேகம் கதையின் பதற்றத்தைச் சுமந்தது. இங்கே பதற்றம் இல்லாத குறையை வேகம் மூடப் பார்க்கிறது. மூன்றில் கடைசி இடம் இதற்குத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி ‘சாமி’ அண்ணாச்சிமாரின் முறையீடு. அவர்கள் சொல்வதில் நியாயம் நிறைய உண்டு. ஹரியின் போலீஸ் படங்களுக்கெல்லாம் தாய் அதுதான். திருநெல்வேலியின் தெருவும் பேச்சும் அந்தப் படத்தில் இருக்கிற அளவு மற்றவற்றில் இல்லை. கோட்டா சீனிவாச ராவின் பெருமாள் பிச்சை, மயில்வாகனத்துக்குச் சமமாக நிற்கக்கூடியவன். அதைவிட முக்கியம், விக்ரமின் ஆறுசாமி கறை படிந்த அதிகாரியாக அறிமுகமாகிறார். பெருமாள் பிச்சையோடு ஒரு சமரசம் செய்துகொண்டு, பணமும் வாங்கிக்கொண்டு, அதற்குள் ஊருக்குக் கொஞ்சம் நல்லது செய்யப் பார்க்கிறார். இந்த அளவுக்குச் சிக்கலான மனிதனைத் துரைசிங்கம் வரிசை உருவாக்கவில்லை.

ஆனாலும் இரண்டு காரணங்களுக்காக ‘சாமி’யை முதல் ‘சிங்கம்’ படத்துக்குக் கீழேயே வைக்கிறேன். ஆறுசாமியின் சமரசம் சுவையான கேள்வியாக எழும்பி, பதில் சொல்லும் நேரம் வந்ததும் வீரத்தில் கரைந்துவிடுகிறது. வாங்கிய பணத்துக்கு அவர் மனசாட்சி எங்கேயும் கணக்குக் கேட்பதில்லை. இரண்டாவது, முடிவு. பெருமாள் பிச்சையைக் கொன்று மறைத்துவிட்டு, அவன் தலைமறைவு என்று உலகத்துக்குச் சொல்லிவிடுகிறார்கள். படம் அதைச் சாமர்த்தியமாகக் கொண்டாடுகிறது. துரைசிங்கமும் கடைசியில் சுடுகிறார்தான். ஆனால் நல்லூரில் அவர் நடத்திய சண்டை ஏட்டில் எழுதப்படும் சண்டை, ஊர் பார்க்க நடக்கும் சண்டை. ‘சாமி’யின் வெற்றி ஏட்டை ஏமாற்றிக் கிடைத்தது.

முதல் படத்தின் எலும்புக்கூடு எவ்வளவு உறுதியானது என்பதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சியம் இருக்கிறது. அடுத்த ஆண்டே, 2011-ல், அது இந்தியில் ரோகித் ஷெட்டி இயக்க அஜய் தேவ்கன் நடித்த ‘சிங்கம்’ ஆனது, கன்னடத்தில் சுதீப்பின் ‘கெம்பே கவுடா’ ஆனது, வங்காளத்தில் ‘ஷத்ரு’ ஆனது. இந்திப் படம் நல்லூரை மகாராஷ்டிர எல்லைக் கிராமமாகவும் சென்னையைக் கோவாவாகவும் மாற்றியது. பொய்ப் பழி சுமத்தப்பட்ட நேர்மையான அதிகாரி ஒருவரின் தற்கொலையோடு தொடங்கியது. மாறாமல் நின்றது அந்தக் கையெழுத்தும் பணியிட மாற்றமும். நான்கு மொழி ரசிகர்களுக்கும் அந்த இரண்டும் விளக்கம் இல்லாமலே புரிந்தன. இரண்டாவது இந்திப் படத்தை எடுத்தபோது ரோகித் ஷெட்டி ‘சிங்கம் 2’ கதையைத் தொடவில்லை. வேறு கதைக்குப் போனார். மறுஆக்கம் நடந்தது என்பதால் மட்டும் ஒரு படம் சிறந்ததாகிவிடாது. ஆனால் நாயகனையும் ஊரையும் மொழியையும் மாற்றிய பிறகும் கதை நிற்கிறது என்றால், அது நடிகரின் கவர்ச்சியைத் தாண்டி ஏதோ ஒன்றின்மேல் நிற்கிறது என்றுதான் பொருள்.

இதுவரை சொன்னது கலையின் கணக்கு. இந்தப் படங்களைப் பற்றி 2020-க்குப் பிறகு பேசுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு ஜூனில், ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கடை திறந்திருந்தது என்று பழி சொல்லி, சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்தார்கள். அதே தூத்துக்குடி மாவட்டம். கற்பனை நல்லூர் இருக்கிற அதே மாவட்டம். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக ஹரி அப்போது வெளிப்படையாக அறிக்கை விட்டார். ஒரு இயக்குநர் தன் வெற்றிப் படங்களைப் பற்றி இப்படிச் சொல்வது அரிது. அதை நான் மதிக்கிறேன்.

அப்படியானால் ஐந்தையும் ஒரே கணக்கில் எழுதி ஒதுக்கிவிடலாமா? முடியாது என்பது என் முடிவு. எந்தப் படம் எதைப் பெருமைப்படுத்தியது என்று பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். லாக்கப்புக்குள் நடக்கும் அடியை, கேள்வி கேட்பார் இல்லாத துப்பாக்கியை, சட்டம் குறுக்கே வந்தால் தள்ளிவிட்டுப் போகிற அவசரத்தை எந்தப் படம் எவ்வளவு கொண்டாடுகிறதோ, அந்த அளவுக்கு அது சாத்தான்குளத்தின் முன் பதில் சொல்ல வேண்டும். இந்தக் குற்றச்சாட்டிலிருந்து ஐந்தில் எதுவும் தப்பவில்லை. முதல் ‘சிங்கம்’ படத்தின் கடைசிப் பகுதியும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்கிறது. ‘சி3’ ஏறக்குறைய முழுவதுமாக நிற்கிறது, ஏனென்றால் எல்லை இல்லாத அதிகாரம் தவிர அதனிடம் வேறு சரக்கு இல்லை.

நல்லூரின் கையெழுத்துக் காட்சி மட்டும் வேறு திசையைக் காட்டுகிறது. செல்வாக்குள்ளவன் வந்தாலும் சட்டம் சொன்னதைக் குறைக்காமல் செய்ய வைப்பது போலீஸின் வேலை என்று அது சொல்கிறது. சாத்தான்குளத்தில் நடந்ததற்கு நேர் எதிரான போலீஸ் அது. அந்த நிலையத்தில் அன்றிரவு நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சாட்சியாகச் சொன்ன ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்தார். தன்னோடு வேலை பார்த்தவர்கள், மேலதிகாரிகள் எல்லோரும் எதிரே இருக்க, உள்ளதை உள்ளபடி ஏட்டில் ஏற்ற வைத்தார். நல்லூர் எஸ்.ஐ.யிடம் நாம் எதற்காகக் கைதட்டினோமோ, அதை நிஜத்தில் செய்து காட்டியவர் அவர்தான். ஒன்றரை டன் அடிக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

இதையெல்லாம் எடை போட்ட பின் என் தீர்ப்பு இது. முதலிடம் 2010-ன் ‘சிங்கம்’ படத்துக்கு. அதன் கடைசிப் பகுதி பலவீனமானது என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். வில்லன், தடை, ஊர் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கட்டுமானம் அதில் மட்டுமே இருக்கிறது. அடுத்த இடம், வரிசைக்கு வெளியே நின்றாலும், ‘சாமி’க்கு. மூன்றாவது ‘சிங்கம் 2’. துரைசிங்கம் மறைவை விட்டு வெளியே வரும் கட்டத்தோடு அது முடிந்திருந்தால் இந்த வரிசையையே தலைகீழாக எழுதியிருப்பேன். அடுத்து ‘சி3’, எடுத்துக்கொண்ட விஷயத்துக்காக மரியாதையோடு. ஐந்தாவது போலீஸ் படமான 2018-ன் ‘சாமி ஸ்கொயர்’, தகப்பனின் கதையை மகனை வைத்து மறுபடி ஓட்டியதைத் தாண்டி எதையும் சேர்க்காததால், இந்தப் போட்டிக்குள் வரவில்லை.

‘சிங்கம் 2’ ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். அரங்கில் தங்களுக்கு ஏற்பட்ட சிலிர்ப்பை எந்தத் திறனாய்வும் பிடுங்கிக்கொள்ள முடியாது, பிடுங்கவும் கூடாது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சிலிர்ப்பு எப்போது வந்தது என்று நினைத்துப் பாருங்கள். துரைசிங்கம் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு நின்றபோதா, கட்டை அறுத்துக்கொண்டு கண்டம் தாண்டிப் போனபோதா? முதலாவது என்றால் நாம் ஒரே கட்சிதான். எல்லைக்குள் நிற்கும் அதிகாரத்தையே இந்த வரிசையின் சிறந்த பகுதிகள் எல்லாம் நம்மை நேசிக்க வைத்தன. அந்த எல்லையை அதிக நேரம் காத்த படம் முதல் படம். அதனால்தான் அது முதல் படம்.